தலைமாட்டில் ஒரு சாட்சி

(மாத்தளையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நமது அரச வைத்தியசாலைகளில் நண்பகல் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் வாட்டுக்குள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஒரு கையில் சோற்றுப் பார்சலும் மறு கையில் சுடுதண்ணீர்ப் போத்தலுமாக உள்ளே வருகிறவர், கட்டிலில் கிடக்கும் முதியவரின் முகத்தருகே குனிந்து, “பாட்டி, என்னைய யாருன்னு தெரியுதா?” என்று கேட்கிறார். பாட்டியின் கண் அங்குமிங்கும் அலைகிறது. உதடு ஏதோ ஒரு பெயரைத் தேடுகிறது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அடுத்து மகன் வருகிறார், மருமகள் வருகிறார், ஊர்க்காரர் வருகிறார். எல்லாரிடமிருந்தும் அதே கேள்வி. ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து பேர் ஐந்து தடவை பரீட்சை வைத்து, ஐந்திலும் தோற்றவராக அந்த மூதாட்டியைக் கிடத்திவிட்டு ரத்தோட்டை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம். அன்பு இல்லாமல் யாரும் இப்படிக் கேட்பதில்லை. போய் நின்றதும் வேறு என்ன செய்வது என்று யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான். இன்று நான் வாதிட வந்திருப்பது ஒரே ஒரு விடயத்துக்காக. ஞாபகம் குறைந்துபோன முதியவரைப் பார்க்கப் போகிறவரோடு, வைத்தியருக்குத் தேவையான ஒரு தகவலும், நோயாளிக்குத் தேவையான ஒரு மொழியும், தாதியருக்குத் தேவையான ஒரு கையும் வாட்டுக்குள் வருகின்றன. அவரை விருந்தாளியாக எண்ணி மணியடித்து வெளியே அனுப்புவது சிகிச்சையின் ஒரு பகுதியை வெளியே அனுப்புவதாகும். இந்த வழக்கம் மாற வேண்டும். அதோடு, நாம் போய்ப் பார்க்கும் விதமும் மாற வேண்டும்.

இதை மாத்தளையில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம். அந்தப் பங்கு ஏறிக்கொண்டே வருகிறது. அதே கணக்கெடுப்பில் மாத்தளை மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 4 இலட்சத்து 84 ஆயிரம். அதில் தமிழர் பத்தில் ஒருவர் அளவு. கம்மடுவ, ஓபல்கல, எல்கடுவ, கந்தேநுவர என்று நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளில் கிடக்கும் தோட்டங்களில் வாழ்வோரும், நகரிலும் உக்குவெலைப் பக்கத்திலும் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களும் கடைசியில் வந்து படுப்பது அரச வைத்தியசாலைக் கட்டிலில்தான். அந்தக் கட்டிலைச் சுற்றி நடக்கும் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. இது யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. மாவட்டத்தில் பெரும்பான்மையோர் பேசும் மொழி அது. தாதியரும் சிற்றூழியரும் அந்த ஊர்களிலிருந்துதான் வருகிறார்கள். ஆனால் ஞாபகம் போகிற நோய்க்கும் மொழிக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொண்டால், இந்தச் சாதாரண நிலைமை ஒரு மூதாட்டிக்கு எவ்வளவு பெரிய மதிலாக எழுகிறது என்பது விளங்கும். அந்த உறவைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

முதலில் நோயைப் பற்றி. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்தார்கள்; ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். இவர்களில் 60 முதல் 70 வீதமானோருக்கு இருப்பது அல்சைமர் நோய். இலங்கையில், ராகமையில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரிடம் நடத்தி 2003இல் வெளியான ஆய்வொன்று, நூற்றுக்குக் கிட்டத்தட்ட நான்கு பேருக்கு இந்த நோய் இருப்பதாகக் கண்டது. ராகமை நகரை ஒட்டிய பகுதி; மலைத்தோட்டத்து லயம் அந்தக் கணக்கில் இல்லை. லயத்தில் இந்த நோய்க்குப் பெயரும் இல்லை. “வயசாயிருச்சி, அப்படித்தான்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வேறிடங்களில் அறளை பெயர்ந்துவிட்டது என்கிறார்கள். எந்தப் பெயரால் சொன்னாலும், மறதிக்காக மட்டும் யாரும் வாட்டில் சேர்க்கப்படுவதில்லை. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிறார்கள். சளிக்காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, சீனி வியாதிப் புண் என்று வருகிறார்கள். டிக்கட்டில் எழுதப்படுவது அந்த நோய். மறதி டிக்கட்டில் ஏறாமலே நோயாளியோடு கட்டிலில் ஏறிவிடுகிறது.

இங்கேதான் பார்க்கப் போகிறவரின் முதல் வேலை வருகிறது. ஒரு காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். எண்பது வயது மூதாட்டி ஒருவர் போர்வையின் விளிம்பைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் விடாமல் கிள்ளிக்கொண்டிருக்கிறார். கிள்ளுகிறார், உள்ளங்கையில் சேர்க்கிறார், கை தோளுக்கு மேலே போகிறது, மறுபடி விளிம்புக்கு வருகிறது. மருத்துவ நூல்கள் இதை நன்றாக அறியும். காய்ச்சலாலோ தொற்றாலோ மூளை திடீரென்று குழம்பிப்போகும்போது நோயாளி படுக்கை விரிப்பைப் பிய்ப்பது பழங்காலத்திலிருந்தே குறித்து வைக்கப்பட்ட அபாய அறிகுறி. ஆனால் நாற்பது வருடம் மலையில் நின்று கொழுந்து பறித்து, முதுகுக் கூடையில் எறிந்த கை அது. வீட்டில் திண்ணையில் உட்கார்ந்தாலும் அந்தக் கை சேலைத் தலைப்பைக் கிள்ளிக்கொண்டே இருந்திருக்கலாம். இரண்டில் எது? இரத்தப் பரிசோதனை இதற்கு விடை சொல்லாது. “இது எப்போதிலிருந்து?” என்ற ஒரே கேள்விதான் சொல்லும். மூன்று வருடமாக என்றால், அது மறதியோடு வந்த பழக்கம். முந்தாநாள் இரவிலிருந்து என்றால், உடம்புக்குள் எங்கோ தொற்று இருக்கிறது, மருந்தொன்று ஒத்துக்கொள்ளவில்லை, சிறுநீர் அடைபட்டிருக்கிறது, அல்லது தாங்க முடியாத வலி இருக்கிறது. உடனே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மெல்ல வந்த மறதிக்கும் திடீரென்று வந்த குழப்பத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு உயிரோடு விளையாடக்கூடியது. அதைச் சொல்லக்கூடிய ஆள் வாசலில் பாஸ் இல்லாமல் நின்றுகொண்டிருக்கிறார்.

இது என் ஊகம் அல்ல. “இவர் வழக்கத்தைவிட அதிகமாகக் குழம்பியிருக்கிறாரா?” என்று உறவினரிடமோ நண்பரிடமோ கேட்கும் ஒரே கேள்வியை, திடீர்க் குழப்பத்தைக் கண்டுபிடிக்கும் கருவியாகவே மருத்துவ ஆய்வாளர்கள் 2010இல் முன்வைத்தார்கள். எந்த இயந்திரமும் வேண்டாம். அந்த நோயாளியை நேற்றும் போன மாதமும் பார்த்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். மறதியை அளக்கும் சோதனைகளிலும் இதே கதைதான். உலகம் முழுவதும் பரவலாகப் பயன்படும் 30 புள்ளிச் சோதனையொன்றை 1975இல் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் ஃபோல்ஸ்டீனும் உடனிருந்தவர்களும் உருவாக்கினார்கள். இன்று என்ன தேதி, இது என்ன பருவகாலம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள், இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள் என்று அது கேட்கிறது. பள்ளிக்கூடப் படி ஏறாத தோட்டத்து மூதாட்டி, முழு நினைவோடு இருந்த நாளிலேயே இதில் பல புள்ளிகளை இழந்திருப்பார். பேனா பிடிக்காத கை வாக்கியம் எழுதாததை மறதி என்று எண்ணுவது எவ்வளவு பெரிய தவறு. அதே பெண்ணிடம் முதல் தட்டு நிறுவையில் எத்தனை கிலோ நின்றது, கவ்வாத்து வெட்டிய மலையில் எத்தனை மாதம் கழித்துக் கொழுந்து வரும், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குத் தப்பு அடிக்கும்போது விடிந்திருக்குமா என்று கேட்டால், எது மிஞ்சியிருக்கிறது எது போய்விட்டது என்று தெரியும். இந்தக் குறையை அறிஞர்களும் உணர்ந்திருக்கிறார்கள். வளரும் நாடுகளின் முதியோருக்காக உருவான ‘10/66’ என்ற ஆய்வுக்குழு, சென்னையிலும் வேலூரிலும் கூடப் பணியாற்றியது. மறதி நோயாளரில் மூன்றில் இரண்டு பங்கினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆய்வுகளில் பத்து வீதத்துக்கும் குறைவே அவர்களைப் பற்றியது என்பதைச் சுட்டவே அந்தப் பெயர். அந்தக் குழு கையாண்ட முறையில் நோயாளியைச் சோதிப்பது ஒரு பாதி. அவரை நன்கு அறிந்த ஒருவரிடம் விரிவாகக் கேட்பது மறு பாதி. உறவினரின் சாட்சி இல்லாமல் அந்தச் சோதனை முழுமை பெறாது. நம் வாட்டுகளிலோ அந்தச் சாட்சிக்கு மதியம் ஒரு மணி நேரம், பின்னேரம் ஒரு மணி நேரம் என்பதே பரவலான நடைமுறை. வைத்தியர் சுற்றி வரும் காலை நேரத்தில் சாட்சி பஸ்ஸில் இருப்பார்.

இனி மொழிக்கு வருகிறேன். பிரெஞ்சு உளவியலாளர் தியோதூல் ரிபோ 1881இல் எழுதிய நூலில் ஒரு விதியைச் சொன்னார்: ஞாபகம் சிதையும்போது புதியது முதலில் போகும், பழையது கடைசியில் போகும். இரண்டு மொழி பேசுவோரிடம் இது எப்படி நடக்கிறது என்பதில் ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரிச் சொல்வதில்லை. இரண்டு மொழியும் ஒன்றாகத் தேய்வதைக் கண்டவர்களும் உண்டு. ஆனாலும் வளர்ந்த பிறகு கற்ற மொழி தளர்ந்து, தாய்மொழிக்கே நோயாளி திரும்பிப் போவது பல நாடுகளில் குடியேறிய முதியோரிடம் கண்டு எழுதப்பட்டிருக்கிறது. நம் தாத்தாமார் பலர் கடையிலும் சந்தையிலும் கந்தோரிலும் தேவைக்காகப் பழகிய சிங்களத்தைச் சரளமாகப் பேசியவர்கள். அந்தச் சிங்களம் உதிர்ந்துபோகும் நாளில்தான் அவர்கள் வாட்டுக்கு வருகிறார்கள். “வத்துர ஓனத?” என்று தாதி அன்போடு கேட்கிறார், தண்ணீர் வேண்டுமா என்ற அந்தக் கேள்வி முப்பது வருடம் அவருக்குப் புரிந்த கேள்விதான். இன்று புரியவில்லை. பதில் வராததால் வேண்டாம் என்று எண்ணிக் கொண்டு தாதி அடுத்த கட்டிலுக்குப் போகிறார். தாகத்தோடு கிடப்பவருக்கு நீர் வற்றுகிறது. நீர் வற்றினால் குழப்பம் கூடுகிறது. குழப்பம் கூடினால் சேலைன் குழாயைப் பிடுங்குகிறார். பிடுங்கினால் கையைக் கட்டிலோடு கட்ட நேர்கிறது. இதில் கெட்டவர் யாரும் இல்லை. நடுவில் ஒரு தமிழ்க் குரல் மட்டும் இல்லை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டின் 16ஆவது திருத்தம், சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசங்களிலும் அரச உத்தியோகத்தர் ஒருவரோடு தமிழில் தொடர்பாடும் உரிமையைப் பொதுமக்களுக்கு உறுதிப்படுத்தியது. அதைக் கண்காணிக்க 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழு அமைந்தது. உரிமை எழுத்தில் உண்டு. ஆனால் உரிமையைக் கேட்டுப் பெறுவதற்கும் ஞாபகம் வேண்டும். தான் எங்கே கிடக்கிறோம் என்றே அறியாதவர் அரசியலமைப்பின் உறுப்புரையை எடுத்துக் காட்டப் போவதில்லை. அவருக்காக அந்த உரிமையைப் பயன்படுத்தக்கூடிய ஒரே ஆள், தலைமாட்டில் நிற்கும் பேத்திதான். அவளையும் வெளியே அனுப்பிவிட்டால் மாத்தளை வாட்டில் அந்தச் சட்டத்துக்கு வேலை இல்லை.

தாதியருக்குத் தேவையான ஒரு கையைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் ஷரோன் இனோயி 1999இல் வெளியிட்ட ஆய்வில், 70 வயதைத் தாண்டிய 852 நோயாளர் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு சில எளிய காரியங்களும் செய்தார்கள்: இன்று என்ன நாள் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்வது, கண்ணாடியையும் காதுக் கருவியையும் போட்டுவிடுவது, குடிக்கக் கொடுப்பது, கைபிடித்து நடத்துவது, தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடான பானமும் முதுகு தடவலும். திடீர்க் குழப்பம் வழக்கமான சிகிச்சையில் 15 வீதமானோருக்கு வந்தது. கூடுதல் கவனம் பெற்றவர்களில் 9.9 வீதத்துக்கே வந்தது. அதைச் செய்தவர்களில் பயிற்சி பெற்ற தொண்டர்கள் இருந்தார்கள், குடும்பத்தார் அல்ல என்று ஒருவர் சொல்லலாம். உண்மை. அதனால்தான் சிலி நாட்டில் 2012இல் வெளியான ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே 287 நோயாளரில் ஒரு பாதிக்கு இந்த வேலைகளைக் குடும்பத்தாரே செய்தார்கள். வீட்டிலிருந்து பழகிய பொருள்களைக் கொண்டுவந்து வைத்தார்கள், மணிக்கூடும் நாட்காட்டியும் கண்ணில் படும்படி வைத்தார்கள், பார்வையாளர் நேரத்தை நாளுக்கு ஐந்து மணித்தியாலமாக நீட்டினார்கள். குழப்பம் 13.3 வீதத்திலிருந்து 5.6 வீதமாக இறங்கியது. பாதிக்கும் கீழே. ஒரு புதிய மாத்திரை இந்தப் பலனைத் தந்திருந்தால் எல்லா வைத்தியசாலையும் அதை வாங்கிக் குவித்திருக்கும். இங்கே வாங்க வேண்டியது எதுவும் இல்லை. தாத்தாவின் பழைய கண்ணாடி, அவருடைய பற்செட்டு, சீனி போட்ட பிளேன்டி, தெரிந்த ஒரு கை.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். அவற்றில் சில கனமானவை. முதலாவது, குடும்பங்களுக்குள்ளேயே எழுவது: “நம்மளத் தெரியாதவருக்கு நாம போனா என்ன, போகாட்டி என்ன? போன அடுத்த நிமிசம் மறந்துருவாரு.” அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளர் 17 பேருக்குச் சோகமான படத் துண்டுகளையும் மகிழ்ச்சியான படத் துண்டுகளையும் காட்டினார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில், என்ன பார்த்தோம் என்பதைப் பலரும் சற்று நேரத்திலேயே மறந்துவிட்டார்கள். ஆனால் படம் தந்த சோகமும் மகிழ்ச்சியும் அவர்களிடம் நீடித்தன. சம்பவம் அழிந்த பிறகும் உணர்வு நிற்கிறது. பேரன் வந்ததை மறந்த பாட்டி, பேரன் தந்த நிம்மதியோடு படுத்திருக்கிறார். எதிர்ப்பக்கமும் உண்மை: “தெரியலையா? நான்தான், நல்லா யோசிச்சுப் பாருங்க” என்று ஐந்து பேர் வாட்டியதை அவர் மறந்துவிடுவார், தோற்றுப்போன கலக்கம் மாத்திரம் பின்னேரம் வரைக்கும் நெஞ்சில் கிடக்கும். ஆகவே போகலாமா என்பதைவிட எப்படிப் போவது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. விடையைக் கேள்விக்குள் வைத்துவிடுங்கள். “அம்மாயி, நான் ஒங்க சின்ன மகளோட மவ வந்திருக்கேன்” என்று உறவைச் சொல்லிக்கொண்டே உட்காருங்கள். அவர் நம்மைத் தன் தங்கை என்று நினைத்தால், அந்தத் தங்கையாக ஐந்து நிமிடம் இருப்பதில் நமக்கு என்ன குறைந்துவிடும்?

தங்கை என்றதும் மலையகத்துக்கே உரிய ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. இன்று எண்பதைத் தொடும் தோட்டத்துப் பெண், மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது குழந்தை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டபோது அவர் இளம் வயதில் இருந்தார். மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அக்கா ஒரு நாட்டுக்கும் தங்கை ஒரு நாட்டுக்கும் போன வீடுகள் இந்த மலைகளில் கொஞ்சமல்ல. தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பலர் திரும்பவே இல்லை. 1977இலும் 1983இலும் தமிழருக்கு எதிரான கலவரங்களில் மாத்தளை எரிந்ததையும் இந்தத் தலைமுறை கண்ணால் கண்டது. ரிபோ சொன்னபடி பழையது கடைசியில் போவதானால், நள்ளிரவு வாட்டில் அந்த மூதாட்டியின் கண்முன் எது நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். பூட்ஸ் சத்தம், புரியாத மொழியில் ஓர் அதட்டல், அவசரமாக எரியும் விளக்கு. “தங்கச்சி கோச்சில ஏறிட்டாளா?” என்று அவர் அலறினால், பைத்தியக்காரத்தனம் என்று எழுதிவைக்க வேண்டியதில்லை, அந்தக் கோச்சியை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து, “ஏறிட்டா அம்மாயி, பத்திரமா போய்ச் சேந்துட்டா” என்று சொல்ல வேண்டும். பொய் சொல்லலாமா என்று கேட்பீர்கள். அந்தத் தங்கை இராமநாதபுரத்திலோ நீலகிரியிலோ செத்து இருபது வருடம் ஆயிற்று என்ற உண்மையை நாள்தோறும் புதிதாகச் சொல்லி, நாள்தோறும் புதிதாக ஒப்பாரி வைக்க வைப்பதைவிட, அவர் கேட்கும் பயத்துக்குப் பதில் சொல்வது மேல் என்பதே என் முடிவு.

இரண்டாவது மறுப்பு வைத்தியசாலைத் தரப்பிலிருந்து வருவது. வாட்டில் கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி இல்லை, தொற்று பரவும், பெண்கள் வாட்டில் ஆண்கள் தங்க முடியாது, ஒருவரை விட்டால் ஒன்பது பேர் கேட்பார்கள். இவை சாக்குப்போக்கு அல்ல, நாள்தோறும் ஒரு தாதி சுமக்கும் பாரம். இங்கிலாந்தில் நடந்ததை இதற்குப் பதிலாகச் சொல்வேன். ஜோன் ஜெராட் என்ற முதியவர் மறதி நோயோடு வீட்டில் நன்றாகவே வாழ்ந்துகொண்டிருந்தார். 2014இல் காலில் ஏற்பட்ட புண்களுக்காக வைத்தியசாலையில் சேர்ந்தார். தொற்றுக்குப் பயந்து பார்வையாளரைக் கட்டுப்படுத்திய அந்த ஐந்து வாரத்தில் நடையையும் பேச்சையும் இழந்து, எலும்பும் தோலுமாகத் திரும்பினார். அந்த ஆண்டு நவம்பரில் காலமானார். அவருடைய மகளும் எழுத்தாளருமான நிக்கி ஜெராட், தோழி ஜூலியா ஜோன்ஸுடன் சேர்ந்து, மறதி நோயாளரைப் பராமரிப்பவர் வைத்தியசாலையில் கூடவே இருக்க அனுமதி வேண்டும் என்று ஓர் இயக்கம் தொடங்கினார். தந்தையின் பெயரையே அதற்கு வைத்தார். அந்த நாட்டின் வைத்தியசாலைகள் ஒவ்வொன்றாக அதை ஏற்றுக்கொண்டன. அவர்கள் கேட்டது ஊரையே உள்ளே விடுவதற்கு அல்ல. பராமரிப்பவருக்கு மட்டும் கதவைத் திறந்து வைக்க. நம் வாட்டுகளில் சிறுபிள்ளையோடு தாய் இருக்கிறாள். அவளை யாரும் பார்வையாளராக எண்ணுவதில்லை. அந்த வழக்கத்தையே மறதி நோயாளருக்கும் நீட்டினால் போதும். வாட்டுப் பொறுப்புத் தாதி ஒருவரைப் பெயர் குறித்துத் தெரிவு செய்து பாஸ் கொடுக்கட்டும். முகக்கவசமும் கை கழுவலும் கட்டாயமாகட்டும். மற்றவர்கள் வழமைபோல வந்து போகட்டும். ஒருவர் உள்ளே வருவதால், சோறூட்டுவதிலும் குழாய் பிடுங்காமல் பார்த்துக்கொள்வதிலும் தாதிக்கு மிஞ்சும் நேரம், இழக்கும் நேரத்தைவிடப் பெரிது.

மூன்றாவது மறுப்புத்தான் எனக்கு மிகவும் கனமாகத் தெரிகிறது. அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. தலைமாட்டில் நிற்பவருக்கு அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், இல்லை. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது. மலையிலிருந்து ரத்தோட்டைக்கு இறங்கி, அங்கிருந்து மாத்தளைக்கு வந்து திரும்பும் பஸ் செலவையும் சோற்றுப் பார்சலையும் சேர்த்துப் பாருங்கள். பத்து நாள் என்றால் ஒரு குடும்பத்தின் அரை மாதச் சோறு. பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் வெளிநாட்டிலும் இருக்க, லயத்தில் எஞ்சியிருப்பது படிப்பைப் பாதியில் நிறுத்திய ஒரு பேத்தி. எல்லாப் பாரமும் அவள் தலையில் விழும். ஆகவே குடும்பமே எல்லாம் செய்யட்டும் என்று மேடையில் நின்று சொல்வது எளிது, நியாயம் அல்ல. என்ன செய்யலாம் என்றால், முதல் மூன்று நாளுக்குப் பலத்தைச் சேர்த்து வைக்கச் சொல்வேன். இடம் புதிது, முகம் புதிது என்று மனம் கலங்குவது அந்த நாட்களில்தான் அதிகம். சேர்க்கும் நாளில் வைத்தியர் கேட்கும் கேள்விகளுக்கும் ஆள் வேண்டும். பிறகு முறை வைத்துக்கொள்ளலாம். மரண வீட்டுக்குப் பணம் சேர்க்கும் சங்கங்கள் நம் தோட்டங்களில் உண்டு. செத்த பிறகு கொடுக்கிற அந்தக் கையைக் கட்டிலில் கிடக்கும்போதே நீட்டினால் துணைக்கு நிற்பவரின் பஸ் செலவாவது கிடைக்கும். தோட்ட நிர்வாகங்களோடு சம்பளம் பேசுகிற தொழிற்சங்கங்கள், வீட்டு முதியவர் வைத்தியசாலையில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு நாள் லீவு என்று ஒரு கோரிக்கையையும் மேசையில் வைக்க வேண்டும். நகரத்துக் கோயில்களும் பள்ளிவாசல்களும் தமிழ் தெரிந்த தொண்டர்களைப் பயிற்றி வாட்டுக்கு அனுப்பலாம். யேல் ஆய்வு காட்டியது அந்த வழியைத்தான்.

ஆள் நிற்க முடியாத மணி நேரங்களுக்கு ஒரு வழி உண்டு. அதற்கு இந்த ஊர்தான் சாட்சி. மாத்தளையிலிருந்து வடக்கே சிறிது தூரத்தில் இருக்கும் அலுவிகாரையில், கிறிஸ்துவுக்கு முந்தைய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை பிக்குகள் வாய்ப்பாடமாகவே காத்துவந்த திரிபிடகத்தை ஓலையில் எழுதினார்கள் என்பது வரலாறு. ஏன் எழுதினார்கள்? பஞ்சமும் போரும் வந்து, மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் சாகத் தொடங்கினார்கள். நினைவில் மட்டும் இருப்பது ஆளோடு போய்விடும் என்று கண்டதும் ஓலையை எடுத்தார்கள். அதையே ஒரு பாட்டிக்கு நாம் செய்ய வேண்டும். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும், ஒரே ஒரு பக்கம். சிங்களம் எழுதத் தெரிந்த பிள்ளை எந்தத் தோட்டத்திலும் இன்று உண்டு. எந்தக் காது கேட்காது. கண்ணாடி வேண்டுமா. வலித்தால் எப்படிக் காட்டுவார். வாயால் சொல்வாரா, முகத்தைத் திருப்பிக்கொள்வாரா. மலசலகூடம் போக வேண்டும் என்பதற்கு என்ன சொல் சொல்வார். தேநீர் எப்படிக் குடிப்பார். எதைக் கண்டால் பயப்படுவார். எந்தப் பாட்டு கேட்டால் அமைதியாவார். கையால் கிள்ளிக்கொண்டிருப்பது பழைய பழக்கம் என்றால் அதையும் எழுதுங்கள். தண்ணீர், வலி, பசி, குளிர், பயப்படாதீங்க என்ற ஐந்து தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதி வையுங்கள். இரவு வேலைக்கு வரும் தாதி அதை வாசித்துச் சொன்னால் போதும், அந்தக் குரலில் கொச்சை இருந்தாலும் பாட்டிக்கு அது ஊர்க் குரல்தான்.

அந்தப் பக்கத்தின் முதல் வரியை மட்டும் தவறாமல் எழுதுங்கள் என்று உங்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்து முதியவர்களின் பெயர்கள் கந்தோர்ப் பதிவில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் சிதைந்து கிடப்பது நீங்கள் அறிந்ததே. டிக்கட்டில் இருக்கும் பெயரை யாரோ ஓர் எழுதுவினைஞர் கேட்டது பாதி கேளாதது பாதியாக எழுதியிருப்பார். அந்தப் பெயரால் வீட்டில் யாரும் அவரைக் கூப்பிட்டதே இல்லை. வாட்டில் அந்தப் பெயரை மூன்று தடவை கூப்பிட்டு, திரும்பாததால் நினைவில்லை என்று குறித்துக்கொள்வார்கள். ஆகவே இன்று இரவு வீட்டுக்குப் போனதும் கிளினிக் கொப்பியை எடுங்கள். எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உங்கள் பாட்டி திரும்பிப் பார்ப்பார் என்பதை, தமிழில் ஒரு தடவையும் சிங்களத்தில் ஒரு தடவையும் எழுதி வையுங்கள்.